கெட்டிக் குண்டா, சரியான அளவா?

அச்சுக்கூடத்தான் (அவென்யூ ரோடு, பெங்களூரு): பெரிய விட்டமுள்ள லீவர் ரைஃபிளுக்கு (கீழே உள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கி) வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது பற்றி மொன்டானா ரவி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஈயக் குண்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது, கெட்டிக் குண்டு குழலில் ஈயம் பூசாது" என்கிறார். சுத்தத் தப்பு. ஈயம் ஒட்டுவதும் ஒட்டாததும் அளவைப் பொறுத்தது. குண்டு குழலைவிடச் சிறுத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை உருக்கி உள்சுவரில் பூசிவிடும். மெத்தென்ற குண்டாவது அழுத்தத்தில் உப்பி அந்த இடைவெளியை அடைக்கும். கெட்டிக் குண்டு உப்பாது.

மொன்டானா ரவி (கோரமங்கலா): ஐயா, நான் அமெரிக்காவில் இருந்தபோது நண்பரோடு சேர்ந்து .45-70 என்ற தோட்டாவுக்குக் குண்டு வார்த்தவன். துப்பாக்கி மார்லின் 1895, குண்டு 405 கிரெயின் எடை. கார் சக்கரத்தில் மாட்டும் பேலன்ஸ் வெயிட்டை உருக்கி வார்த்துச் சுட்டால் குழலுக்குள் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஈயம். அச்செழுத்து வார்க்கும் லினோடைப் உலோகத்தில் வார்த்தோம், கோடு போய்விட்டது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். நீங்கள் எதை வார்த்தீர்கள்?

அச்சுக்கூடத்தான்: எழுத்து வார்த்தேன். லினோடைப் என் சோறு. 84 பங்கு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். ஆறும்போது வெறும் ஈயத்தைவிடக் குறைவாகச் சுருங்கும். அதே அச்சில் ஊற்றினாலும் குண்டு ஒரு இழை பெரிதாக வரும். உங்கள் கோடு போனது அதனால்தான். அளவு, தம்பி, அளவு! மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தீர்களா?

மொன்டானா ரவி: எல்லாக் குண்டையும் .459 அங்குலத் துளையுள்ள டையில் தள்ளித்தான் எடுத்தோம். ஒரே அளவு. அப்புறம் என்ன?

அச்சுக்கூடத்தான்: டை பெரியதைச் சிறிதாக்கும். சிறியதைப் பெரிதாக்குமா? பேலன்ஸ் வெயிட் குண்டு அச்சிலிருந்தே சிறுத்து வந்திருந்தால் டையில் உரசாமல் நழுவி விழுந்திருக்கும். நீங்கள் "ஒரே அளவு" என்று நம்பிக்கொண்டீர்கள்.

கீதா (ஆர்.டி. நகர்): இரண்டு பேரும் 'கெட்டி' என்றால் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்களேன். பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் சுத்த ஈயம் 5 வாக்கில், லைமன் நம்பர் 2 என்ற ஈயக் கலவை 15, லினோடைப் 22. வெடிமருந்தின் அழுத்தத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சே பேச முடியாது. மிதமான அழுத்தத்துக்கு 12 போதும். அழுத்தம் ஏற ஏற மெத்தென்ற குண்டு குழலின் உள்ளே வெட்டிய மரையைப் பிடிக்காமல் வழுக்கும். அதிலும் ஈயம் ஒட்டும்.

மொன்டானா ரவி: பாருங்கள், மேடமே மெத்தென்றால் ஒட்டும் என்கிறார்.

கீதா: நான் அப்படிச் சொல்லவில்லை.

கேஜிஎஃப் தாஸ்: 1895 என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம்ம பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததும் 1895தான், .405 தோட்டா. அவர் எந்தக் கெட்டிக் குண்டைத் தேடினார்?

மொன்டானா ரவி: அண்ணே, அது வின்செஸ்டர் 1895. பிரவுனிங் வடிவமைத்தது, தோட்டாக்களை அடுக்கும் மேகஸின் பெட்டி வடிவம். நான் சொல்வது மார்லின், குழாய் மேகஸின். குழாயில் ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரில் (தட்டினால் தீப்பற்றும் பகுதி) முட்டிக்கொண்டிருக்கும். கூர் மூக்கு வைத்தால் உதறலில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால் தட்டை மூக்கு. .405க்குத் தொழிற்சாலையிலிருந்து வந்ததோ உலோக உறை (ஜாக்கெட்) போட்ட 300 கிரெயின் குண்டு. வார்ப்புக் குண்டுப் பேச்சில் அதை எதற்கு இழுக்கிறீர்கள்?

கேஜிஎஃப் தாஸ்: எங்க ஊர்க்காரனுக்குச் சுரங்கமும் தெரியும், துப்பாக்கியும் தெரியும். அமெரிக்கா போய்வந்தால்தான் பேசலாமா?

அச்சுக்கூடத்தான்: தாஸ், கொஞ்சம் பொறுங்கள். .45-70 அமெரிக்க ராணுவத்துக்கு 1873இல் வந்தது. அன்றைக்குப் போட்டதெல்லாம் ஈயமும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்த மெத்தென்ற குண்டு. ராணுவமே சுட்டது.

மொன்டானா ரவி: அது ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட்! ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடுவது, கரிமருந்து. லீவர் ரைஃபிளே இல்லை!

அச்சுக்கூடத்தான்: மார்லின் 1881 லீவர்தான். அதுவும் .45-70தான். அன்றைக்கும் கரிமருந்துதான். இன்னொன்றும் சொல்கிறேன். லினோடைப் உடையும். நான் கீழே போட்ட, லினோடைப்பில் வார்த்த எழுத்து வரிகள் பட்டென்று முறிந்ததைப் பார்த்தவன். பெரிய மிருகத்தின் எலும்பில் பட்டால் குண்டுக்கும் அதே கதி. ஊடுருவல், ஊடுருவல் என்று குதிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆன்டிமனி ஏற ஏற எடையும் குறையும். கனமான குண்டு வேண்டும் என்பவர் லினோடைப்பைத் தேடுவானேன்?

கீதா: இதையெல்லாம் படித்துவிட்டு இங்கே யாரும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். சுடும் உரிமம் போதாது.

மொன்டானா ரவி: அது எல்லோருக்கும் தெரியும் மேடம். நான் பேசுவது மொன்டானாவில் நடந்தது. கெட்டிக் குண்டு ஒட்டவில்லை. முடிந்தது.

அச்சுக்கூடத்தான்: முடியவில்லை. பேலன்ஸ் வெயிட் குண்டின் விட்டம் எவ்வளவு? மூன்றாவது முறை கேட்கிறேன்.

மொன்டானா ரவி: ஒரு முறைதான் கேட்டீர்கள். நண்பரிடம் பழைய குண்டு மிச்சம் இருக்கிறது, அளந்து அனுப்பச் சொல்கிறேன். எந்த எண் வந்தாலும் காரணம் கெட்டிதான்.

கேஜிஎஃப் தாஸ்: ஆண்டர்சன் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் மரியாதையாக ஒரு பதில் வரவில்லை.