பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் எத்தனை மிதி? கிட்டார் எஃபெக்டுகளுக்கு மிடி ஃபுட் கன்ட்ரோலர் குறித்த விவாதம்

திருச்சி ரிதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். ஒரு கச்சேரியில் 25 முதல் 30 பாடல்கள் வரும். ஒரு பாடலுக்கு, ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் கலந்த கிளீன் டோன் வேண்டும், அடுத்த பாடலுக்கு, காலால் அசைத்து ஒலியின் நிறத்தை மாற்றும் வா பெடல் வேண்டும், அதற்கடுத்ததில் இரண்டாவது இடையிசையின் நான்கு பாருக்கு மட்டும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் எதிரொலி தரும் டிலேயும் சேர்ந்து வர வேண்டும். என் பலகையில் 7 பெடல்கள் உள்ளன. டிலேயிலும், அறை முழக்கம் தரும் ரிவெர்பிலும் மிடி இன் (மின்னணு இசைக்கருவிகள் கட்டளைகளைப் பரிமாறும் மிடி முறைக்கான துளை) உண்டு. மற்ற ஐந்தும் மிடி இல்லாத அனலாக். பல்லவி முடிந்து இடையிசைக்குள் நுழையும்போது கோரஸை அணைத்து, டிஸ்டார்ஷனைப் போட்டு, டிலேயையும் போட வேண்டும் என்றால் மூன்று மிதி ஆகிறது. அதற்குள் முதல் சுரம் போய்விடுகிறது. மிடி ஃபுட் கன்ட்ரோலர் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா, அல்லது வேறொரு தொல்லையை விலை கொடுத்து வாங்குவதாகுமா என்று, மேடையில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒற்றை மிதி எழுதியது:

தயங்காமல் வாங்குங்கள். பலர் நினைப்பதுபோல உங்கள் கிட்டாரின் ஒலி கன்ட்ரோலருக்குள் நுழைவதே இல்லை. அது கட்டளையை மட்டும் அனுப்பும் பெட்டி. "37ஆம் பிரீசெட்டுக்குப் போ" என்பது புரோகிராம் சேஞ்ச்; பிரீசெட் என்றால் முன்பே சேமித்து வைத்த ஒலி அமைப்பு. "கோரஸை அணை" என்பதோ "டிலேயின் அளவை இவ்வளவு ஏற்று" என்பதோ கன்ட்ரோல் சேஞ்ச். ஒரே மிதியில் இரண்டு வகையையும், தேவையான அத்தனை கருவிகளுக்கும், 16 சேனல்களில் பிரித்து அனுப்பலாம்.

தாமதம் வருமா என்று யாராவது கேட்பார்கள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1983இல் வெளியான மிடி விதிமுறைப்படி, ஐந்து முள் கேபிளில் நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்கின்றன. தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள் ஆவதால், இரண்டு பைட் நீளமுள்ள ஒரு புரோகிராம் சேஞ்ச் 0.64 மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 22 சென்டிமீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 500 மில்லிநொடி. உங்கள் மூன்று மிதிகள் அதைத்தான் விழுங்குகின்றன.

பழைய பெடல்காரன் எழுதியது:

தம்பி திருச்சி ரிதம், முந்தைய பதிவில் உள்ள கணக்கு சரியானதுதான். ஆனால் மேடையில் கிட்டார்காரனைக் கவிழ்ப்பது மில்லிநொடி அல்ல. 30 ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

பாடல் வரிசை நம் கையில் இல்லை என்பது முதலாவது. பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் வரிசை மாறும். விழாக் குழுவினர் சீட்டு எழுதி அனுப்பினால் மாறும். அரங்கம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினால் முடிந்த பாட்டு திரும்பி வரும். பாட்டுக்கு ஒரு பிரீசெட் என்று 30 பாடல்களை அடுக்கி வைத்திருப்பவர், அந்த நேரத்தில் குனிந்து பேங்க் (பிரீசெட் தொகுதி) ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார், டிரம்மர் கவுண்ட் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. பிரீசெட் என்பது வீட்டில், மெதுவான ஒலியில், பெரும்பாலும் ஹெட்ஃபோனில் அமைத்த ஒன்று. ஒலி அளவு கூடும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுருதியும் மேல்ச்சுருதியும் தூக்கலாகக் கேட்கும் என்பது ஒலியியலில் பழைய பாடம். வீட்டில் இனிமையாக இருந்த டிஸ்டார்ஷன், திறந்த மைதானத்தில் ஊசிபோலக் குத்தும். என் பெடலில் டோன் குமிழை ஒரு விரற்கடை திருப்பினால், அன்றைய இரவு முழுவதும் அத்தனை பாட்டுக்கும் சரியாகிவிடும். 30 பிரீசெட்டுகளுக்குள் சேமித்து வைத்த டிஸ்டார்ஷனை எத்தனை இடத்தில் திருத்துவீர்கள்?

போகிற போக்கில் இன்னொன்று. ஒரு திருவிழாவில் பாட்டின் நடுவே மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது, பக்கத்துக் குழுவின் கிட்டார் கலைஞர் தம் கருவி மீண்டும் விழித்தெழும்வரை பல்லவி முழுவதும் சும்மா நின்றார். பாட்டரியில் ஓடிய என் பெடல்களுக்கு மின்சாரம் போனதே தெரியாது.

ஒற்றை மிதி எழுதியது:

அண்ணா, ஜெனரேட்டர் கதையில் தூங்கியது கன்ட்ரோலரா, எஃபெக்ட் கருவியா? பெரிய டிஜிட்டல் பிராசசர்கள்தான் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்கின்றன. சிறிய கன்ட்ரோலர் பெரும்பாலும் அவற்றுக்கு முன்பே தயாராகிவிடும். உங்கள் பலகையில் மிடி இல்லாத டிஜிட்டல் டிலே ஒன்று அடாப்டரில் ஓடியிருந்தால் அதுவும் நின்றிருக்கும், எனவே இந்தப் பழியை மிடியின் தலையில் போடுவது நியாயமில்லை.

ஆனால் பாட்டுக்கு ஒரு பிரீசெட் அமைப்பது தவறு என்பதை முழுமையாக ஏற்கிறேன். அது கருவியின் குறை அல்ல, அதை அமைத்தவரின் பழக்கம். நான் பாடல்களின் பெயரில் எதையும் சேமிப்பதில்லை. கிளீன், கோரஸ் கிளீன், ரிதம் டிரைவ், லீட், நைலான் கிட்டார் போன்ற ஒலி, நீண்ட டிலே என்று ஆறு ஒலிகள், ஆறு ஸ்விட்ச். எந்தப் பாட்டு எந்த வரிசையில் வந்தாலும் இந்த ஆறில் ஒன்றைத்தான் மிதிக்கப் போகிறேன். திருத்த வேண்டியதும் ஆறு இடம்தான், அதுவும் கருவியில் எல்லா ஒலிகளையும் ஒருசேரத் திருத்தும் குளோபல் ஈக்யூ இருந்தால் ஒரே இடம்.

பிரீசெட் மாறும்போது ஒலி ஒரு கணம் அறுந்துபோவதாகச் சிலர் கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள். அறுவது கேபிளில் அல்ல. கட்டளையைப் பெற்ற கருவி தன் எஃபெக்ட் வரிசை முழுவதையும் கலைத்து மறுபடி கட்டும் நேரத்தில் அறுகிறது. பிரீசெட்டை மாற்றாமல் அதற்குள்ளேயே நிலைகளை மாற்றினால் இது வராது. லைன் 6 ஹீலிக்ஸ் என்ற டிஜிட்டல் பிராசசரில் ஒரு பிரீசெட்டுக்குள் 8 ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது சேமித்த நிலைகள், உண்டு. கன்ட்ரோல் சேஞ்ச் 69இல் 0 முதல் 7 வரை மதிப்பு அனுப்பினால் அவை மாறும், டிலேயின் வாலும் அறுபடாமல் தொடரும்.

மேடைக்குப் பின்னால் எழுதியது:

நான் கிட்டார் வாசிப்பவன் அல்ல. மிக்சர் முன்னால் உட்காருபவன். உங்கள் இருவர் சண்டையில் எனக்குப் பங்கில்லை, ஆனால் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. எந்த முறையில் மாற்றினாலும், ஒலிக்கு ஒலி லெவல் ஒத்திருக்கும்படி அமைத்துக்கொண்டு வாருங்கள். கிளீனிலிருந்து லீடுக்குப் போகும்போது சற்று ஏறுவது சரி. திடீரென்று இருமடங்காக ஏறினால் நான் ஃபேடரை இறக்குவேன், அடுத்த கிளீன் பகுதி யாருக்கும் கேட்காது.

அடுத்தது இரைச்சல். ஐந்து முள் மிடியில், பெறும் பக்கத்தில் ஆப்டோ-ஐசொலேட்டர் இருக்கும். கட்டளை ஒளியாக மாறித் தாண்டுவதால் இரண்டு கருவிகளுக்கும் இடையே நேரடி மின் தொடர்பு இருக்காது, எனவே அந்த வழியாக எர்த் சுற்று உருவாகி "ஹம்" வராது. லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி வழியாக இணைக்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. "மிடி போட்டால் ஹம் வருகிறது" என்று என்னிடம் சொன்னவர்களில் பெரும்பாலானோர் யூஎஸ்பியில் இணைத்தவர்கள். ஐந்து முள் கேபிளும் 15 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது.

பழைய பெடல்காரன் எழுதியது:

ஆறு ஒலிகள் என்ற யோசனையை மதிக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன தம்பி, கேள்வி கேட்டவரின் பலகையை மறந்துவிட்டார். அவரிடம் இருப்பது ஹீலிக்ஸ் அல்ல. ஐந்து அனலாக் பெடல்கள். அவற்றுக்கு மிடி தெரியாது. கன்ட்ரோலர் எத்தனை கட்டளை அனுப்பினாலும் அவருடைய கோரஸும் டிஸ்டார்ஷனும் செவிடாகத்தான் இருக்கும். அவற்றைக் கட்டுப்படுத்த, பெடல்களை ஒலிப்பாதையில் சேர்க்கவும் நீக்கவும் செய்யும் லூப் ஸ்விட்ச்சர் தனியாக வேண்டும், அதற்கு ஒவ்வொரு பெடலுக்கும் இரண்டு பேட்ச் கேபிள் வேண்டும், ஐந்துக்குப் பத்து. பத்தில் ஒன்று தளர்ந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும்வரை பாட்டு காத்திருக்காது.

விளக்கும் பொய் சொல்லும். கன்ட்ரோலரில் டிலே என்ற ஸ்விட்ச்சின் விளக்கு எரியும். ஆனால் நடுவில் பிரீசெட் மாறியதால் கருவியில் டிலே அணைந்திருக்கும். அப்போது அணைப்பதாக நினைத்து ஒருமுறையும், போடுவதற்கு மறுமுறையும் மிதிக்க வேண்டும். எண்களிலும் இதே குழப்பம்: ஒரு கருவி 0 முதல் 127 வரை எண்ணும், இன்னொன்று 1 முதல் 128 வரை எண்ணும், நீங்கள் 12ஐக் கேட்டால் 13 வரும்.

வா பெடலையும் மிடியில் ஓட்டச் சொல்லிவிடாதீர்கள். கன்ட்ரோல் சேஞ்சுக்கு மொத்தம் 128 படிகள்தான். என் வா பெடலின் பொட்டென்ஷியோமீட்டருக்குப் படிக்கட்டே கிடையாது, சரிவுதான்.

ஒற்றை மிதி எழுதியது:

வா பெடல் விஷயத்தில் தோற்றுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா. என்னுடையதும் கிட்டாருக்கு அடுத்தபடியாகத் தனியாகவே இருக்கிறது. நல்ல கருவிகள் படிகளுக்கு இடையே வழுவழுப்பாக நிரப்பிக்கொள்ளும், ஆனாலும் காலுக்குக் கிடைக்கும் உணர்வு வேறுதான்.

விளக்கு பொய் சொல்வதற்கு மருந்து உண்டு. ஆன்-ஆஃப் என்று புரட்டிப் போடும் ஒரே கட்டளைக்குப் பதிலாக, 127 அனுப்பினால் போடு, 0 அனுப்பினால் அணை என்று தனித்தனி மதிப்பு கொடுங்கள்; ஒவ்வொரு ஒலியை மிதிக்கும்போதும் எல்லா எஃபெக்டுகளின் நிலையையும் சேர்த்தே அனுப்புங்கள். பழைய பெரிங்கர் எஃப்சிபி 1010இல் இது கடினம், ஏனென்றால் ஒரு பிரீசெட்டில் 5 புரோகிராம் சேஞ்சும் 2 கன்ட்ரோல் சேஞ்சும்தான் அடங்கும். இப்போது கிடைக்கும் சிறிய கன்ட்ரோலர்களில் அதைவிடத் தாராளமாக அடுக்கலாம். எண் ஒன்று தள்ளிப் போவதைப் பற்றி ஒரு மாலை நேரம் புலம்பிவிட்டு, ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும்.

லூப் ஸ்விட்ச்சர் வேண்டும் என்பது உண்மை, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு லாபமும் இருக்கிறது. பாஸ் ஈஎஸ்-8 போன்ற லூப் ஸ்விட்ச்சர்களே மிடியும் அனுப்பும். அனலாக் பெடல்களை லூப்பில் போட்டு, டிலேயையும் ரிவெர்பையும் அதன் மிடி அவுட்டில் இணைத்துவிட்டால் தனிக் கன்ட்ரோலரே வேண்டாம். குமிழைத் திருப்பும் உரிமையும் போகாது, ஏனென்றால் டிஸ்டார்ஷன் உங்கள் பழைய பெடலாகவே இருக்கும்.

திருச்சி ரிதம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான் எதை வாங்க வந்தேனோ அதை வாங்கப் போவதில்லை என்று தெரிகிறது. வா பெடலை வெளியே வைத்துவிட்டு, மற்ற நான்கு அனலாக் பெடல்களை லூப் ஸ்விட்ச்சரில் போட்டு, அதிலிருந்து ஒரு மிடி கேபிளை டிலேக்கும், டிலேயின் த்ரூவிலிருந்து (வந்த கட்டளையை அப்படியே கடத்தும் துளை) இன்னொன்றை ரிவெர்புக்கும் இழுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆறு ஒலிகள் எனக்கு அதிகம், நான்கில் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அந்த இடையிசையை வாசித்துப் பார்ப்பேன்.

பழைய பெடல்காரன் எழுதியது:

நல்லது தம்பி. ஒத்திகைக்குப் போகும்முன், வீட்டில் அமைத்த ரிவெர்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். லூப் ஸ்விட்ச்சர் கைவிட்டால் வா பெடலிலிருந்து நேராக ஆம்புக்குச் செருக ஒரு நீளமான கேபிளைக் கிட்டார் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். என்னிடம் உள்ள அதுபோன்ற கேபிளை நான் பக்கத்துக் குழுவுக்கு இரண்டு முறை கடன் கொடுத்திருக்கிறேன்.