ஏழாம் வகுப்புக்குப் பல்லுயிர்ப் பெருக்கம்: படம் காட்டுவதோடு நிற்காமல் எப்படி நடத்துவது?

கரும்பலகை:
வணக்கம். 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை மூன்று. பல்லுயிர்ப் பெருக்கமும் வனவிலங்குகளுக்கு வரும் ஆபத்துகளும் பாடம். புலி, யானை படம் காட்டினால் "பாவம் சார்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆளுக்கு ஓர் உயிராக நின்று, எதை எது தின்னும் என்று நூலால் இணைக்கும் நூல்கண்டு வலை விளையாட்டில், ஓர் உயிர் அழிந்ததாக ஒருவர் உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த உயிர் போனாலும் விளைவு ஒன்றே என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைதானத்தில் புல்தரை உண்டு. என்ன செய்யலாம்?

மண்புழு:
முதல் வகுப்பை வெளியே நடத்துங்கள் சார். ஆறு பேருக்கு ஒரு குழு; குழுவுக்கு நாலு குச்சி, நாலரை மீட்டர் சணல். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் கட்டி, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ண வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் 141 செ.மீ. வந்தால்தான் சரி, கோணினால் பரப்பு குறையும்.

இடத்தைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பூ இருக்கும் பக்கம்தான் ஓடுவார்கள், கணக்கு வீங்கிவிடும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் அளந்துகொண்டு, 0 முதல் 9 வரை சீட்டுக் குலுக்கி, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மூன்று குழு அடிக்கடி வெட்டும் புல்தரையில், மூன்று குழு வெட்டாத வேலியோரத்தில்.

பெயர் தெரிய வேண்டியதில்லை. "நீள இலை, ரம்ப ஓரம்" என்று வரைந்து எண் போட்டால் போதும். பிழை வேறு இடத்தில் வரும்: ஒரே செடியின் முளையையும் முதிர்ந்ததையும் இரண்டு வகையாக எண்ணுவார்கள். குழுக்கள் படங்களை ஒப்பிட 10 நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள். அதை விட்டால் எண்களை நம்ப முடியாது.

குன்றிமணி:
வகைகளை மட்டும் எண்ணினால் பாதிதான் புரியும். இரண்டு பை, ஒவ்வொன்றிலும் 10 நிறத்தில் 100 மணி; ஒரு நிறம் ஓர் உயிர்வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பையில் நிறத்துக்குப் பத்து. இரண்டாவதில் ஒரு நிறம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. பார்க்காமல் இரண்டு மணி எடுத்து, ஒரே நிறமா வேறா என்று குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். 20 முறை செய்தால் முதல் பையில் சுமார் 18 முறை வேறு நிறம் வரும். மற்றதில் மூன்று, நாலு. சிம்ப்சன் குறியீடு அளப்பது இதைத்தான். அந்தப் பெயர் இந்த வயதுக்குத் தேவையில்லை.

வழிப்போக்கன்:
கல்லைப் புரட்டினால் எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் நெம்பித் தன் பக்கமாகச் சாய்க்கட்டும். அடியில் இருப்பது அந்தப் பக்கம் ஓடும். பார்த்ததும் கல்லைப் பழையபடி வைக்க வேண்டும். ஈரம் காய்ந்தால் அடியில் வாழ்பவை செத்துவிடும்.

நீர்க்காகம்:
நூல் விளையாட்டுக்கு ஒரு விதி சேருங்கள்: தன் உணவு நூல்களில் பாதிக்கு மேல் தளர்ந்தவர் மட்டும் உட்கார வேண்டும். ஒரே மரத்தின் இலையைத் தின்னும் புழு உடனே விழும். கிடைத்ததைத் தின்னும் காகம் நிற்கும்.

காடு துண்டாவதைக் கட்டத்தாளில் காட்டலாம். 10×10 கட்டம், வெயிலும் காற்றும் களையும் புகும் ஓரக் கட்டங்களுக்கு வண்ணம். உள்ளே 64 மிஞ்சும். இன்னொரு தாளில் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, அவைதான் சாலை. நாலு துண்டுக்கும் ஓரம் பூசினால் துண்டுக்கு 9, மொத்தம் 36. பரப்பு அதே 100தான், ஆனாலும் உள்காட்டு உயிர்களுக்கு இடம் பாதியை நெருங்கிக் குறைந்துவிட்டது.

ஆபத்துகளுக்கு, பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிய பன்னாட்டு அறிவியல் அமைப்பான ஐபிபிஈஎஸ் (IPBES) தந்த 2019 அறிக்கையின் ஐந்து காரணங்கள் போதும்: நில, கடல் பயன்பாட்டு மாற்றம், வேட்டை, மிகையான மீன்பிடிப்பு போன்ற நேரடிச் சுரண்டல், காலநிலை மாற்றம், மாசு, அயல் ஊடுருவி இனங்கள். ஒவ்வொன்றோடும் மீட்சி ஒன்றைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி முட்டையோட்டை மெலிதாக்கியதால் அமெரிக்காவில் வெண்தலைக் கழுகுகள் குறைந்தன. 1972இல் அங்கே அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது, 2007இல் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது.

கரும்பலகை:
மிக்க நன்றி. கட்டத்தாளுக்கு ஒரு பாடவேளை போதுமா?

நீர்க்காகம்:
25 நிமிடம் போதும். சாலைக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகு வண்ணம் பூசச் சொல்லுங்கள். கோட்டின் இரு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் 36 வராது.