புதுப்பிப்பு: தொலைந்த தேசிய அடையாள அட்டைக்கு இணைப்பிரதி கிடைத்தது

தொலைந்த இலங்கைத் தேசிய அடையாள அட்டைக்கு இணைப்பிரதி பெற எவ்வளவு காலம் செல்லும் என்று முன்னர் கேட்டிருந்தேன். அட்டை இப்போது கைக்கு வந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுபெற்ற ஒளிப்பட நிலையம் வழங்கிய பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்திய விண்ணப்பம், பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் சென்றது. சாதாரண சேவை என்பதால் சில வாரங்கள் காத்திருந்தேன். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் ஒருநாள் சேவையும் உண்டு. ஆயினும், யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோருக்கு இரவுப் பயணமும் அதற்கான செலவும் சேர்ந்துகொள்வதால், பரீட்சையோ வெளிநாட்டுப் பயணமோ நெருக்காதவரை அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இடைப்பட்ட காலத்தில் வங்கி அலுவலுக்குக் கடவுச்சீட்டே போதுமாக இருந்தது.