மின்வில் துண்டிப்பானா, வில் பிழைத் தடுப்பியா?

'ஆர்க் ஃபால்ட் சர்க்கிட் இன்டரப்டர்' என்ற மின் பாதுகாப்புக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஓர் அண்ணன் முன்வைத்த 'வில் பிழைச் சுற்றுத் தடுப்பி' எனக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவில் சுருக்கமாக ஏ.எஃப்.சி.ஐ., ஐரோப்பாவில் ஏ.எஃப்.டி.டி. என்கிறார்களே, அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் லயத்து வீட்டில் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்), ஒரு மழை நாள், அம்மா கேத்தலைப் போட்டதும் பிளக்குக்குள் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் ஒரு திருகாணி தளர்ந்து, வெள்ளை பிளாஸ்டிக் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, வயரின் உறை கருகியிருந்தது. மின்பெட்டியில் எந்தச் சுவிட்ச்சும் விழவில்லை, விழவும் விழாது. 230 வோல்ட்டில் 2000 வாட் கேத்தல் 9 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும், தளர்ந்த இடத்தில் மின்வில் (இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்ந்து எரியும் 'ஆர்க்') எரிந்தாலும் ஓட்டம் அதற்கு மேல் ஏறாது, ஆகவே 16 அம்பியர் சுற்றுடைப்பானுக்கு அது சாதாரண ஓட்டம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சோ போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும்; நிலத்துக்கு ஒன்றும் கசியாதபோது அதற்கு என்ன தெரியும்? ஓட்டத்தின் அலைவடிவத்தையும் அதில் கலக்கும் உயர் அதிர்வெண் இரைச்சலையும் கவனித்து, இது மோட்டார் தூரிகையின் பொறியா, தீ மூட்டக்கூடிய மின்வில்லா என்று பிரித்தறிந்து வெட்டிவிடுவதுதான் இந்தப் புதுக் கருவியின் வேலை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். வெறும் 'வில்' என்றால் இங்கே பிள்ளைகளுக்குச் சுருள்வில்தான் ஞாபகம் வரும், 'மின்வில்' என்றால் குழப்பமில்லை. குழுவில் ஒரு தங்கச்சி சொன்ன 'பொறி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறி ஒரு நொடியில் அணையும், மின்வில் நின்று எரியும், அதோடு பொறி என்றால் இயந்திரமும்தான். 'பிழை' வேண்டாம், அது கணக்கில் விடுவது. 'தடுப்பி'யைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்தக் கருவி மின்வில் உண்டாவதைத் தடுப்பதில்லை, உண்டான பிறகு அறுக்கிறது. மின்வில் எழாமலே சூடேறிச் சிவக்கும் தளர்ந்த இணைப்பு இதன் கண்ணில் படாமலும் போகலாம். தடுப்பி என்று பெயர் வைத்தால் திருகாணியை இறுக்கத் தேவையில்லை என்று நம்பிவிடுவார்கள். ஆகவே 'மின்வில் துண்டிப்பான்'.

அப்புறம் வகைகள். ஒரே வயரின் அறுந்த முனைகளுக்கு இடையே எழுவது தொடர் மின்வில். இரண்டு வயர்களுக்கு இடையே எழுவதைத் தமிழகத்து நண்பர்கள் இணை மின்வில் என்கிறார்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் சமாந்தரம்தான், அதை விட எனக்கு மனமில்லை.

அமெரிக்க மின் விதிநூலின் 1999 பதிப்பு, படுக்கையறைச் சுற்றுகளுக்கு 2002 முதல் இதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் வயரிங் விதிகளின் 2022 திருத்தம் முதியோர் இல்லம், மாணவர் விடுதி போன்ற இடங்களின் பிளக் சுற்றுகளுக்குக் கேட்கிறது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் படுத்துறங்கும் லயங்களில் ஒரு காம்பராவில் (குடும்பம் இருக்கும் அறையில்) பிடித்த தீ அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே வயரிங் செய்யும் பையன்கள் கடையில் வாயால் கேட்டு வாங்கக்கூடிய சொல்லாக இது இருக்க வேண்டும். 'துண்டிப்பான்' நீளம் என்று நினைப்பவர்கள் 'மின்வில் வெட்டி'யையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.