‘கடிகாரப் புரதம்’ சரிதானா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

உதகையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடலின் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றை நடத்தும் ‘கிளாக் புரோட்டீன்கள்’ குரங்கு மூளையில் அசைவை ஆளும் பகுதிகளில் தென்படுவது பற்றி அதில் ஒரு பாடம். ‘கடிகாரப் புரதம்’ என்றே எழுதிவந்தேன், மூன்றாம் பக்கத்தில் இடறியது. பிமால்1, பெர்1, பெர்2, கிரை1 எல்லாம் அந்தக் கூட்டம். கூட்டத்தில் ஒன்றின் பெயரே ‘கிளாக்’. ‘கடிகாரப் புரதம் பிமால்1உடன் இணைந்து பெர் மரபணுக்களை முடுக்கும்’ என்றால் மாணவர் எதை எடுத்துக்கொள்வார்? ஆங்கிலத்தில் பெரிய எழுத்து காப்பாற்றும். நமக்கு அது கிடையாது.

கொடைக்கானலிலிருந்து:
அம்மா, தனிப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ‘கிளாக்’ ஐந்து சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர், 1994இல் சுண்டெலி ஆய்வில் வைத்தது. அந்த ஐந்தில் ஒன்று நடமாட்டத்தைக் குறிக்கும், கடைசியானது ‘கெட்டுப்போனது’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல். கூட்டத்துக்கு மட்டும் தமிழ் போதும்: நாழிகைப் புரதம். முல்லைப்பாட்டில் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’ குறுநீர்க் கன்னலைப் பார்த்துத்தான் பொழுது சொல்கிறார்கள். அவர்களே நாழிகைக் கணக்கர். நீரின் அளவைக் கொண்டு பொழுதறிந்தவர்களின் சொல், புரதம் கூடிக் குறைவதைக் கொண்டு பொழுதறியும் உயிரணுவுக்கு நன்றாகப் பொருந்தும்.

கூடலூரிலிருந்து:
ஐயா, நாழிகை 24 நிமிடம், இந்தச் சுற்றோ 24 மணி. எண் ஒன்றாக இருப்பதே குழப்பத்தை வளர்க்கும். இந்தச் சுற்றைக் குறிக்கும் ‘சர்க்காடியன்’ என்ற சொல்லை 1959இல் ஹால்பெர்க் என்ற ஆய்வாளர் இலத்தீனிலிருந்து அமைத்தார், ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்று பொருள். அந்த ‘ஏறத்தாழ’தான் உயிர். விடாத இருட்டில் வைத்தாலும் சுற்று ஓடும், ஆனால் சரியாக 24 மணியில் முடியாது. மனிதருக்குச் சராசரி 24க்குச் சற்று மேல். அன்றன்றைய வெளிச்சம்தான் அதைத் திருத்துகிறது. ஆகவே ‘நாளணுக்கப் புரதம்’, அணுக்கம் என்றால் நெருக்கம்.

குன்னூரிலிருந்து:
‘நாளணுக்கம்’ என்று கண்டால் மாணவர் அதற்குள் ‘அணு’வைத்தான் தேடுவார். அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய சொல் வகுப்பில் நிற்காது. ‘நாட்சுழற்சிப் புரதம்’ போடுங்கள், முட்செடி போல ளகரம் டகரமாகும். இன்னொன்று: சாய்வெழுத்து என்றால் மரபணு, நேரெழுத்து என்றால் புரதம் என்ற வழக்கம் தமிழ் எழுத்துருவில் எடுபடாது. ஒவ்வொரு முறையும் ‘பெர்2 மரபணு’, ‘பெர்2 புரதம்’ என்று முழுதாக எழுதுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:
கையேட்டில் பியூட்டமென் என்னும் மூளைப் பகுதிக்கு ‘ஓட்டுக்கரு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த இலத்தீன் சொல்லின் வேர் ‘கிளை கழி’ என்பது. தேயிலையில் கவாத்து வெட்டியதும் தூரைச் சுற்றி மிலாறு கிடக்குமே, அப்படிக் கழிந்து விழுவதுதான் பியூட்டமென். கொட்டையின் ஓடு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஓட்டைத் தமிழில் ‘தோடு’ என்றும் சொல்வோம், ‘தோட்டுக்கரு’ என்றால் என்ன?

குன்னூரிலிருந்து:
தோடு என்றதும் காதுதான் நினைவுக்கு வரும். இடர் ‘கரு’வில் இருக்கிறது. பெர், கிரை புரதங்கள் உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து கிளாக்–பிமால்1 இணையை அடக்குகின்றன. காடேட் என்னும் மூளைப் பகுதியை ‘வால்கரு’ என்றால், அப்போது ‘வால்கருவின் நரம்பணு உட்கருவில்’ என்று எழுத நேரும். மூளைப் பகுதிகளுக்குத் ‘திரள்’ வைப்போம்: வால்திரள், ஓட்டுத்திரள். ‘மந்தி மூளை’யையும் மாற்றுங்கள். தொல்காப்பிய மரபியலின்படி மந்தி பெண், ஆண் கடுவன். பாடத்தில் இரண்டும் இருக்கின்றன.

கொடைக்கானலிலிருந்து:
‘நாட்சுழற்சி’க்கு நானும் ஒப்புகிறேன், ஆனால் ‘சுழற்சி’ என்று பெயரிலேயே வைத்தால் ஓர் ஆபத்து. மூளையைப் பதப்படுத்தி 40 மைக்ரான் சீவலாக்கி, அந்தப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் பழுப்பேற்றிப் பார்த்தால் புரதம் எந்தத் திரளில் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். ஒரு விலங்கு ஒரே நேரத்தைத்தான் காட்டும். ஏற்ற இறக்கத்தைச் சொல்ல 4 மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு வேளையாவது வேண்டும், ஒவ்வொரு வேளைக்கும் சில விலங்குகள். குரங்கில் அவ்வளவு எண்ணிக்கை எளிதில் வாய்க்காது. எலியின் நேரங்களை எடுத்து ஒட்டவும் முடியாது, அது இரவில் நடமாடுவது. ஆகவே பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்த இடங்களில் ‘காணப்படுகிறது’ என்று நிறுத்துங்கள், ‘சுழல்கிறது’ வேண்டாம்.

உதகையிலிருந்து:
அந்த வினைச்சொற்களை இன்றிரவே திருத்துகிறேன். ‘திரள்’, ‘ஆண், பெண் குரங்கு’ என்பனவும் ஏற்கப்பட்டன. நால்வரில் இருவர் ‘நாட்சுழற்சி’க்கு ஒப்பினார்கள், கோத்தகிரி ஐயா எதுவானாலும் சரி என்கிறார். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கூடலூரிலிருந்து:
கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு நிற்கிறது: அந்தச் சொல்லில் ‘ஏறத்தாழ’ இல்லை. முதல் வரையறையிலாவது ‘ஏறத்தாழ 24 மணி’ என்று இருக்கட்டும். அடுத்த பதிப்பின்போது நாளணுக்கத்தை மீண்டும் முன்வைப்பேன்.