இருவரின் அவதானிப்பு 88 சதவீதம் பொருந்தியும் கப்பா 0.34 மட்டுமே வருவது ஏன்?

திருமலை மாணவி:
வணக்கம். உளவியல் டிப்ளோமாவின் ஆய்வறிக்கைக்காகத் திருகோணமலை நகரிலுள்ள ஒரு முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளின் விளையாட்டை அவதானித்து வருகிறேன். இது விபரண ஆய்வு என்பதால் பிள்ளைகளிடம் எதையும் செய்யச் சொல்வதில்லை. முற்றத்து வேம்பின் கீழ் அவர்கள் தாமாக விளையாடுவதை ஓரமாக இருந்து குறித்துக்கொள்கிறோம். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட, பிள்ளைகளின் விளையாட்டு வகைப்பாட்டிலிருந்து கூட்டுறவு விளையாட்டை (பொது நோக்கத்தோடு பாத்திரம் பங்கிட்டு ஆடுவதை) மட்டும் எடுத்துக்கொண்டு, 30 செக்கன் கொண்ட ஒவ்வோர் இடைவேளையிலும் அது "உண்டு" அல்லது "இல்லை" என்று நானும் சக மாணவி ஒருவரும் தனித்தனியே பதிகிறோம்.

ஒப்பிட்டுப் பார்த்த 100 இடைவேளைகளில் இருவரும் "உண்டு" என்றவை 4, நான் மட்டும் "உண்டு" என்றவை 10, அவர் மட்டும் "உண்டு" என்றவை 2, இருவரும் "இல்லை" என்றவை 84. ஆக, 88 சதவீதம் பொருந்துகிறது. ஆனால் மேற்பார்வையாளர் கேட்டபடி கப்பா (தற்செயலான பொருத்தத்தைக் கழித்து, இருவரின் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் குணகம்) கணித்தால் 0.34 வருகிறது. சூத்திரத்தில் எங்கேனும் பிழையா, அல்லது இவ்வகை ஆய்வுக்குக் கப்பா பொருந்தாதா?

பாலையூற்று:
சூத்திரத்தில் பிழை இல்லை, தங்கச்சி. நீங்கள் 14 தடவையும் அவர் 6 தடவையும் "உண்டு" என்றிருக்கிறீர்கள். ஒருவரையொருவர் பாராமல், பிள்ளைகளையும் பாராமல், இதே அளவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 0.14 × 0.06, 0.86 × 0.94 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையான 0.8168 அளவுக்கு உங்கள் தாள்கள் பொருந்தியே இருக்கும். ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த இக்குணகம் அந்தத் தற்செயற் பொருத்தத்தைக் கழித்துவிட்டு, எஞ்சிய 0.1832இல் நீங்கள் உண்மையாக ஈட்டியது 0.0632 (0.88 − 0.8168) மட்டுமே என்கிறது. முன்னதால் பின்னதை வகுத்தால் வருவதே அந்த 0.34. பார்ட்டன் கண்டபடி கூட்டுறவு விளையாட்டு வயதோடு கூடிவருவது. மூன்று வயதில் அது அரிது. அரிதான நடத்தையில் "இல்லை" என்பதே தாளை நிரப்பிவிடுவதால் சதவீதம் உயர்ந்து தெரியும். லாண்டிஸ், கோக் ஆகியோரின் 1977ஆம் ஆண்டு அளவுகோலில் 0.34 "ஓரளவு" என்ற படியில்தான் நிற்கிறது. அந்தப் படிகள் பலராலும் எடுத்தாளப்பட்டாலும் அவை ஒரு வசதிக்காக வகுத்தவையே.

உவர்மலை:
கணக்கு சரி, ஆனால் எனக்கு உறுத்துவது 14க்கும் 6க்கும் உள்ள இடைவெளி. வெறும் கவனக்குறைவு என்றால் வேறுபாடுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறியிருக்கும். இங்கே 12இல் 10 உங்கள் பக்கமே சாய்கின்றன. ஆகவே இரண்டு கேள்விகள். 30 செக்கனுக்குள் எந்தக் கணத்தில் நிகழ்ந்தாலும் "உண்டு" என்கிறீர்களா, இடைவேளை முடியும் கணத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தால் மட்டுமா? மணலில் விளையாடும் இரு பிள்ளைகளை எப்போது கூட்டுறவு என்று கொள்கிறீர்கள்?

திருமலை மாணவி:
அக்கா, சக மாணவியிடம் கேட்டேன். நான் இடைவேளைக்குள் ஒரு கணம் தென்பட்டாலும் குறிக்கிறேன். அவர் கைத்தொலைபேசி அதிரும் அந்தக் கணத்தில் காண்பதை மட்டும் குறிக்கிறார். பதிவுத்தாளில் "இடைவேளைக்கு ஒரு குறி" என்று மட்டுமே இருக்கிறது. மணல் விளையாட்டிலும் வேறுபாடு உண்டு: ஒரு பிள்ளை பக்கத்திலிருப்பவரின் சிரட்டையை வாங்கி மணல் அள்ளியதை நான் கூட்டுறவு என்றேன், அவர் இல்லை என்றார்.

உவர்மலை:
அப்படியானால் நீங்கள் இருவரும் அளந்தது ஒரே பொருளை அல்ல. உங்களுடையது பகுதி இடைவேளைப் பதிவு. நடத்தை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அது மிகைப்படுத்தும். அவருடையது கணப் பதிவு. குறுகிய, அரிதான நிகழ்வுகளை அது தவறவிடும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் வினாவானால் இடைவேளையை 10 அல்லது 15 செக்கனாகச் சுருக்கிக் கணப் பதிவைக் கொள்ளுங்கள்.

சிரட்டை விடயத்தில் பார்ட்டனின் வரைவிலக்கணம் உங்கள் தோழிக்கே சாதகமானது. இருவர் அருகருகே, அவரவர் சிரட்டையை நிரப்பிக்கொண்டு, மற்றவர் செய்வதை மாற்ற முயலாமல் இருந்தால் அது இணை விளையாட்டு. சிரட்டையை வாங்கிக் கொடுத்து, பேச்சும் நடந்து, ஆனால் வேலைப் பங்கீடு இல்லையென்றால் அது கூட்டு விளையாட்டு. ஒருவர் மணற்சோறு ஆக்க, இன்னொருவர் இலையில் பரிமாற, மூன்றாமவர் "கடைக்குப் போய்ட்டு வாறன்" என்று கிளம்பினால், பொது நோக்கமும் பாத்திரப் பங்கீடும் இருப்பதால் அதுவே கூட்டுறவு. இத்தகைய எடுத்துக்காட்டுகளை, எல்லையில் நின்று குழப்புபவற்றையும் சேர்த்து, பதிவுத்தாளின் பின்பக்கத்தில் எழுதி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே மீண்டும் தொடங்குங்கள். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்துடன் சிறிது நேரம் காணொளி எடுத்துப் பயிற்சி பெற்றால் இன்னும் நன்று. பதியும்போது பேசிக்கொள்ளவோ ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவோ கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

பாலையூற்று:
ஒரு சிறு குறிப்பு. கச்சான் காற்றுத் தொடங்கி மணல் பறந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துவிடுவார்கள். உள்ளே மேசையும் பொம்மையும் வேறு விளையாட்டைத் தரும். முற்றத்துப் பதிவையும் வகுப்பறைப் பதிவையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.

திருமலை மாணவி:
இருவருக்கும் நன்றி. பழைய தாள்களைப் புதிய விதிப்படி திருத்திப் பயன்படுத்தலாமா?

உவர்மலை:
முடியாது. எந்தக் கணத்தில் எது நடந்தது என்பது அந்தத் தாளில் இல்லாததால், திருத்துவது ஊகித்து நிரப்புவதாகிவிடும். அவற்றை முன்னாய்வு என்ற தலைப்பில் 88 சதவீதத்தோடும் 0.34 கப்பாவோடும் அப்படியே தந்து, விதியை ஏன் மாற்றினீர்கள் என்பதை ஒரு பந்தியில் எழுதுங்கள். பிரதான ஆய்வின் கணக்கில் மட்டும் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.