‘லைட் ஃப்ளீட் கேரியர்’ தமிழில் என்ன?

நண்பர்களே,
கடற்படை வரலாற்றுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரிட்டன் 1942-இல் வடிவமைத்த ‘லைட் ஃப்ளீட் கேரியர்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் வகைக்குச் சொல் வேண்டும். கொலோசஸ், மெஜஸ்டிக் என்ற இரு வகுப்புகளும் இதில் அடங்கும். நம் பழைய விக்ராந்த் மெஜஸ்டிக் வகுப்புதான். ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1945-இல் நீரில் இறக்கினார்கள்; போர் முடிந்ததும் வேலை நின்றது. 1957-இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்து, 1961-இல் படையில் சேர்த்தது. ‘இலகுரக விமானந்தாங்கி’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?
– செ.

செ. ஐயா, பொருள் மயங்குகிறது. ‘இலகுரக’ பக்கத்திலுள்ள விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். தேஜஸை நாளிதழ்கள் இலகுரகப் போர் விமானம் என்றே எழுதுகின்றன. அதைத் தாங்கும் கப்பல் என்று படித்துவிடுவார்கள். ‘விமானந்தாங்கிச் சிறுகப்பல்’ எனலாமே?
– வ.

200 மீட்டருக்கு மேல் நீளமுள்ளதைச் சிறுகப்பல் என்பதா? இங்கே ‘லைட்’ என்பது கட்டுமானம். கவசத் தகடு இல்லை. வணிகக் கப்பல் கட்டும் விதிப்படி உடலைக் கட்டினார்கள், போர்க்கப்பல் கட்டிப் பழகாத தளங்களிலும் வேலை நடக்கட்டும் என்று. வேகம் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல்மைல். போர்க்காலம் வரை உழைத்தால் போதும் என்று நினைத்த வகை. அதில் ஒன்று பிரேசிலில் மினாஸ் ஜெரைஸ் என்ற பெயரில் 2001 வரை இருந்தது! ‘இலகு’ வடசொல் லகுவின் திரிபு. நம்மிடம் ‘நொய்’ இருக்கிறது: நொய்ய, நொய்து, நொய்யரிசி. நொய்யல் ஆறும் இந்த வேர்தான் என்பது என் துணிபு. ‘நொய்கலத் தாங்கி’ என்க.
– ந.

ந. ஐயா, நொய்ந்துபோனது என்றால் என் மாணவர்களுக்கு நலிந்துபோனது. 1971 போரில் கொதிகலனில் விரிசலோடு வங்கக் கடலில் நின்று சீ ஹாக் போர் விமானங்களை ஏவிய விக்ராந்துக்கு அந்தச் சொல் வேண்டாம். அப்புறம், அமெரிக்காவின் இன்டிபெண்டன்ஸ் வகுப்பும் ‘லைட்’தான். க்ரூஸர் என்ற போர்க்கப்பல் வகையின் உடல்களை மாற்றிக் கட்டிய ஒன்பது கப்பல்கள், 30 நாட் வேகத்துக்கு மேல் ஓடின. வணிகக் கட்டுமானத்தை வைத்துப் பெயரிட்டால் அவை வெளியே போய்விடும்.
– மா.

சரி, ‘விமானந்தாங்கி இலகுரகக் கப்பல்’ என்றே அனுப்புகிறேன். மூவர் ஒப்பியிருக்கிறார்கள்.
– செ.

என் மறுப்பு இருக்கட்டும். ‘ஃப்ளீட்’டை ஒருவரும் மொழிபெயர்க்கவே இல்லை. படையணியோடு கடலில் செல்லும் கப்பல் என்பது அதில்தானே இருக்கிறது?
– ந.